கடற்கரையில் கேட்ட கல்யாணச் சேதி

என் அம்மாவுக்கு, என் தங்க அம்மாவுக்கு,

உன்னைக் கூப்பிட்டு மூணு வருஷத்துக்கு மேலாச்சு. லீவுக்குத் திண்டுக்கல் வந்திருக்கேன். நம்ம வீட்டு மாடி ரூம்லதான் உக்காந்து எழுதுறேன். கீழே குக்கர் விசில் அடிக்குது. அதை அடுப்புல வச்சது நீ இல்ல. யாருன்னு உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. அடுத்தவங்க பேசி உன் காதுல விழுறதுக்கு முந்தி நானே சொல்லிடணும்.

நீ போன மறுவருஷம் எனக்கு ஜெர்மனியில மேல்படிப்புக்கு இடம் கிடைச்சுது. கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற படிப்பு. அத்தா சென்னை ஏர்போர்ட் வரைக்கும் வந்து விட்டுட்டு, அன்னைக்கே ரயிலைப் பிடிச்சுத் திரும்பிட்டார். அதுக்கப்புறம் இந்த வீட்டுல அவர் ஒருத்தர்தான். காலையில தோல் மண்டி, மத்தியானம் பேகம்பூர்ல ஒரு மெஸ்ஸு, ராத்திரிக்குப் பாக்கெட் மாவுல ரெண்டு தோசை. தினமும் வீடியோவுல வருவார். அவருக்குப் பின்னாடி எப்பவும் டிவி ஓடிக்கிட்டிருக்கும். அவர் பார்க்கிறதுக்கில்ல, வீட்டுல சத்தம் இருக்கணும்னு.

நான் மட்டும் என்ன? நாள் பூரா நாலு பேரோடதான் இருந்தேன். ஆனா ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினா, காலையிலேர்ந்து ஒரு வார்த்தைகூட தமிழ்ல பேசலைங்கிறது அப்பத்தான் உறைக்கும்.

போன கோடையில ஒரு சனிக்கிழமை, எங்க வகுப்புக்காரங்க எல்லாம் சேர்ந்து கடலுக்குப் போகலாம்னு கிளம்புனாங்க. அங்க வெயில் அடிக்கிறதே அபூர்வம். அடிச்சா ஒருத்தரும் வீட்டுல தங்க மாட்டாங்க. என் பக்கத்து ரூம்காரி லூசியா, கொலம்பியா நாட்டுப் பொண்ணு, கதவைத் தட்டித் தட்டி என்னைக் கிளப்பிட்டா. எலுமிச்சம்பழச் சோறு கிண்டி, உருளைக்கிழங்கை வெஞ்சனமா வதக்கி டப்பாவுல எடுத்துக்கிட்டேன். உனக்குத்தான் கடற்கரையில சாப்பிடுறதே பிடிக்காதே. ஏர்வாடிக்குப் போனப்ப, சோத்துல மண்ணு விழும்னு வேனை விட்டு இறங்காம உள்ளயே எங்களுக்கெல்லாம் பரிமாறினவ நீ.

அந்தக் கடல் நம்ம கடல் மாதிரி இல்லம்மா. அலை பேருக்குத்தான் வருது. வாயில வச்சுப் பார்த்தா உப்பும் அம்புட்டு இல்ல. அத்தா மண்டியில உப்புத் தடவி அடுக்கியிருக்கிற தோலுகிட்ட வர்ற வாசம்கூட அந்தக் கரையில வரல. மணல்ல வரிசையா பிரம்பு நாற்காலி போட்டிருக்காங்க. பெரிய கூடையைக் கவுத்து வச்ச மாதிரி, மேல மூடியோட, ரெண்டு பேர் உக்கார்ற அளவுக்கு.

எல்லாரும் போன வேகத்துல உடுப்பை மாத்திக்கிட்டுத் தண்ணிக்கு ஓடிட்டாங்க. நான் முழுக்கை சுடிதாரும் தலையில துணியுமா நின்னேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும், பதிலுக்கு நானும் எதாவது பேசியிருப்பேன். பையெல்லாம் நான் பார்த்துக்கிறேன்னு சொன்னேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு பிரம்பு நாற்காலியில பைகளை அடுக்கிட்டு, மீதி இடத்துல நான் உக்காந்தேன்.

கொண்டுபோன சோத்தை கானா நாட்டுப் பையன் க்வாமே மட்டும்தான் ஆசையா சாப்பிட்டான். சாப்பிட்டு முடிச்சு அவனும் பந்து விளையாடப் போயிட்டான். அப்பத்தான் அத்தா கூப்பிட்டார். வீடியோ இல்ல, வெறும் போன். உடம்புக்கு என்னன்னு எடுத்ததுமே கேட்டேன்.

உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னார். அசர் தொழுதுட்டு இப்பத்தான் வந்தேன்னார். அங்க வெயிலான்னு கேட்டார். சாப்டியான்னு கேட்டார். திரும்ப வெயிலான்னு கேட்டார்.

"பரீதா ஒரு பேச்சு எடுத்திருக்கா. வடமதுரையில ஒரு இடம்."

பரீதா மாமியைத்தான் உனக்குத் தெரியுமே, அண்ணனுக்கு ஒண்ணுன்னா தூங்க மாட்டாங்க. எனக்குத்தான் மாப்பிள்ளை பார்த்துட்டாங்கன்னு நினைச்சேன். படிப்பு முடியாம கல்யாணப் பேச்சே வேணாம் அத்தா, மாமிகிட்ட சொல்லிடுங்கன்னு படபடன்னு பேசிக்கிட்டே போனேன். அவர் குறுக்க பேசல. நான் நிறுத்துற வரைக்கும் பொறுத்திருந்து, மெதுவா சொன்னார்.

"உனக்கில்லம்மா."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. அவரே ஒண்ணொண்ணா சொன்னார். பேரு ஜமீலா. புருஷன் மவுத்தாகி ரொம்ப காலம் ஆச்சு. பிள்ளை இல்ல. வடமதுரையில பொம்பளைப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித் தர்றாங்க. மாமி வீட்டுல வச்சு ஒரு தடவை பார்த்தாராம். நல்லவங்களா தெரியுதுன்னு சொல்லும்போது அத்தா குரல் கம்மிப்போச்சு. என் கல்லூரிச் சீட்டுக்குப் போய் நின்னப்பகூட அவர் யார்கிட்டயும் இப்படித் தயங்கிப் பேசி நான் கேட்டதில்ல.

"நீ வேணாம்னா வேணாம்மா. இத்தோட விட்டுருவேன். மனசுல எதையும் வச்சுக்க மாட்டேன்."

சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுறேன்னு போனை வச்சுட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு.

என்னம்மா சொல்லியிருக்கணும் நான்? நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப? ஆஸ்பத்திரியில இருந்த கடைசி நாள்ல நீ எனக்குத்தான் என்னென்னமோ சொன்ன. அத்தாவைப் பத்தி ஒண்ணும் சொல்லாம போயிட்ட. சொல்லாததை நான் எப்படி எடுத்துக்கிறது, சரின்னா, கூடாதுன்னா?

லூசியா தலை துவட்டிக்கிட்டே வந்தா. என் முகத்தைப் பார்த்துட்டு ஊர்ல எதாவதான்னு பதறினா. அழுதுடக் கூடாதேன்னு அவசரமா, எங்க அத்தாவுக்குக் கல்யாணம்னு மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். அவ சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டுட்டா. கையைத் தட்டுறாங்க, கட்டிப்பிடிக்கிறாங்க. ஒருத்தன் ஓடிப்போய் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தான். அவங்க ஊர்ல அது சந்தோஷ சமாச்சாரம். வயசான காலத்துல துணை கிடைச்சிருக்கு, அதுல என்ன யோசனை?

லூசியா ஒரு குச்சியை எடுத்து மணல்ல எழுத ஆரம்பிச்சா. அத்தா பேரைக் கேட்டா, சொன்னேன். பொண்ணு பேரைக் கேட்டா. அதையும் சொன்னேன். காதர், ஜமீலான்னு பெரிய பெரிய எழுத்து, நடுவுல ஒரு இதயப் படம். அத்தா பேருக்குப் பக்கத்துல நூர்ஜஹான்னு உன் பேரைத்தான்மா நான் இத்தனை வருஷமாப் பார்த்திருக்கேன். ரேஷன் கார்டுல, கல்யாணப் பத்திரிகையில, என் சர்டிபிகேட்டுல. அந்த எழுத்துக்கு முன்னாடி என்னை நிக்க வச்சு எல்லாரும் சுத்தி நின்னு போட்டோ எடுத்தாங்க. அதுல நானும் சிரிச்சிட்டுத்தான் இருக்கேன். கையில ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வரைக்கும் வழிஞ்சிருக்கு. என் ஆயுசுல அம்புட்டுப் பேர் நடுவுல அம்புட்டு தனியா நான் நின்னதே இல்ல.

எல்லாரும் திரும்ப விளையாடப் போன பிறகு க்வாமே மட்டும் பை எடுக்க வந்தவன் நின்னான். அங்கெல்லாம் அப்பா அம்மா பிரிஞ்சு வாழறது சகஜம். அப்படித்தான் நினைச்சுக்கிட்டான் போல. தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உங்க அம்மாவுக்கு இது தெரியுமா? யாராவது சொன்னாங்களா?"

இன்னும் இல்ல, நான்தான் சொல்லணும்னேன். கஷ்டமான வேலைதான்னு சொல்லிட்டு அவன் போயிட்டான். நீ இல்லைங்கிறதை அவன்கிட்ட நான் சொல்லல. உலகத்துல ஒருத்தனாவது நீ எங்கயோ இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கட்டுமேன்னு தோணுச்சு.

சாயங்காலம் மத்தவங்க கிளம்பத் தயாரானப்ப, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருந்த மரப்பாலத்துல தனியா நடந்து போய் அத்தாவைக் கூப்பிட்டேன். மணி முழுசா அடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டார். பின்னாடி டிவி சத்தம் இல்ல.

"சாப்டீங்களா அத்தா?"

"இல்லம்மா. நீ கூப்பிடுவேன்னு உக்காந்திருக்கேன்."

அந்த நடுக்கூடத்துல, டிவியையும் அமத்திட்டு, கையில போனை வச்சுக்கிட்டு அவர் உக்காந்திருக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. எத்தனையோ ராத்திரி என் ரூம்ல நான் உக்காந்திருக்கிற மாதிரியேதான். ஒரு வீட்டுல ரெண்டு பேரா இருக்க வேண்டியவங்க, ஆளுக்கொரு தேசத்துல ஒரே மாதிரி உக்காந்திருக்கோம். நான் படிப்பை முடிச்சு, வேலைக்குப் போயி, இன்னொரு வீட்டுக்குப் போயி. அதுவரைக்கும் அவர் இப்படியேவா?

"பண்ணிக்கங்க அத்தா."

"உங்க அம்மா..."ன்னு ஆரம்பிச்சார்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

போனை வச்சுட்டு அங்கயே நின்னு அழுதேன். காத்து பலமா இருந்துச்சு, யாருக்கும் கேக்கல. ரயில்ல வரும்போது எல்லாரும் பாடிக்கிட்டு வந்தாங்க. நான் ஜன்னல்ல தலையைச் சாச்சுத் தூங்குற மாதிரி இருந்துக்கிட்டேன்.

ரெண்டு மாசத்துல மாமி வீட்டுலயே நிக்காஹ் முடிஞ்சுது. பரீட்சை இருந்ததால நான் போன்லதான் பார்த்தேன். சொல்லிக்கிறேன்னு சொன்னவ உனக்குச் சொல்ல இவ்வளவு நாளாச்சு. எழுத உக்காந்தா கை வரல. இந்த வீட்டுக்குள்ள வந்து நேர்ல பார்த்த பிறகுதான் வந்துச்சு.

அத்தா கொஞ்சம் சதை போட்டிருக்கார். தேய்ச்ச சட்டை போடுறார். நான் இருக்கிறப்ப அவங்ககிட்ட பேசுறதுக்குக்கூட கூச்சப்படுறார். நான் மாடிக்கு வந்ததும் கீழே ரெண்டு பேரும் மெதுவா பேசிச் சிரிக்கிற சத்தம் கேக்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நேரத்துல தண்ணி குடிக்கக்கூட கீழ இறங்க மனசு வரல. அங்க வாடகை ரூம், இங்கயும் விருந்தாளி மாதிரி. ஒருத்தர் வாயிலயும் உன் பேர் வர்றதில்ல. மாமிகூட உன்னைப் பத்தி ஆரம்பிச்சு, பாதியில முழுங்கிட்டாங்க. எல்லாருமா சேர்ந்து உன்னை இன்னொரு தடவை அடக்கம் பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

நேத்து மத்தியானம் அத்தா மண்டிக்குப் போன பிறகு, அவங்க சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து என் பக்கத்துல உக்காந்தாங்க. ஜமீலாவைச் சின்னம்மான்னு கூப்பிடுறேன், அதுக்கு மேல வாய் வரல, அவங்களும் எதிர்பார்க்கல. உரிச்சுக்கிட்டே இருந்தவங்க தலையை நிமிராம கேட்டாங்க.

"அக்காவுக்கு என்ன பிடிக்கும் சபீனா? உங்க அத்தாகிட்ட கேட்டா அழுதுருவாரோன்னு பயமா இருக்கு. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல."

உன்னைத்தான்மா அக்கான்னாங்க. நான் பேச ஆரம்பிச்சேன். மழை பெஞ்சா நீ மொட்டை மாடிக்கு ஓடுறது, பஸ்ல முன் சீட்டுக்குச் சண்டை போடுறது, கோபம் வந்தா ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு மூணாம் நாள் காரமா மீன்குழம்பு வைக்கிறது. அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நீ போன பிறகு உன்னைப் பத்தி ஒருத்தர்கிட்ட நான் வாய் நிறையப் பேசினது நேத்துத்தான். வெங்காயம் எப்பவோ தீர்ந்துபோச்சு, நாங்க எழுந்திரிக்கல.

வெள்ளிக்கிழமை நான் திரும்பணும். போன்ல கூப்பிட்டு மிச்சத்தையும் சொல்றேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். உனக்கும் ஒரு வாக்கு குடுக்குறேன்மா. ஒண்ணு விடாம சொல்லி வைப்பேன். அந்த ஊர்ல இருந்து இருந்து, ஒருநாள் உன் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே மங்கிப்போச்சுன்னா, நான் சொன்னதையெல்லாம் அவங்ககிட்டயே திருப்பிக் கேட்டுக்குவேன்.

உன் வயித்துப் பிள்ளை,
சபீனா