எல்லைக்கோட்டில் என் கப்பல்

2 மார்ச் 1993
கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஆடும் விண்வெளி ஆட்டத்தில் இன்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டோர் தஸ்தகீர் அண்ணன் கிராஃப் தாளில் போட்ட வானம். கழித்துப்போட்ட நட்டுதான் கப்பல், வாஷர்தான் காசு. சிவப்பு அணி, நீல அணி, நடுவில் எல்லைக்கோடு. நான் சிவப்பு. எங்கள் தலைவர் சூப்பர்வைசர் திம்மராயன். அவருக்கு ஒன்பது கப்பல், எனக்கு ஒன்று. புதிதாக வந்தவர்கள் சம்பாதிப்பதையெல்லாம் அணிக்குக் கொடுத்துவிட வேண்டுமாம்.

5 மார்ச்
மூன்று நாளாக என் ஒற்றைக் கப்பலில் திம்மராயன் கப்பல்களுக்கு டீசல் சுமக்கிறேன். கையில் ஒரு வாஷர் இல்லை. இது விசுவாசமா, வெட்டி வேலையா?

9 மார்ச்
எல்லையைத் தாண்டி நீல அணிக்குச் சரக்கு விற்றேன். இரண்டு மடங்கு விலை. விதியில் தடையில்லை என்று தஸ்தகீர் அண்ணனே சொன்னார். நான் கர்நாடக எல்லையோர ஜூஜுவாடிக்காரி. தக்காளி வாங்கினாலும் எல்லைக்கு அந்தப்பக்கம் அத்திப்பள்ளியில் என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம். அதற்காக ஊரையா விற்றுவிட்டோம்?

திம்மராயன் எல்லோர் முன்னாலும் துரோகி என்றார். முகமெல்லாம் எரிந்தது.

"நேத்து வந்தவ நீ. வெள்ளிக்கெழமைக்குள்ள எல்லா வாஷரையும் கொண்டாந்து வெச்சிரு. இல்லன்னா அணியில கெடையாது."

தரமாட்டேன்.

11 மார்ச்
கொடுத்துத் தொலை என்கிறாள் நஞ்சம்மா. அவளும் சிவப்பில் புதுசு. சூப்பர்வைசரைப் பகைத்தால் வேலையில் பழிவாங்குவாராம். பயம்தான். ஆனால் ஆட்டத்தில்கூட வாயைத் திறக்காவிட்டால் வேறு எங்கே திறப்பது?

12 மார்ச்
நீக்கிவிட்டார். போகட்டும்.

அதே வேகத்தில் ஒன்பது கப்பலையும் நீல எல்லைக்குள் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பிவர டீசல் இல்லை— பின்னாலேயே சுமந்து வர ஆள் இருக்கும் என்ற நினைப்பு. இருந்த வாஷருக்கெல்லாம் டீசல் வாங்கிக்கொண்டு கோட்டில் போய் நின்றேன்.

16 மார்ச்
நீல அணி ஆள் விட்டது. மூன்று மடங்கு தருகிறார்களாம், டீசல் முழுவதும் அவர்களுக்கே வேண்டுமாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் சிவப்பு. அவர் நீக்கினால் இல்லாமல் போய்விடுமா?

திம்மராயனிடம் சந்தை விலை சொன்னேன். முன்பணம்.

"சொந்த அணிக்கே வெலையா?"

"ஆமா சார். அணிக்குங்கறதால இந்த வெல. நீலத்துக்கு மூணு மடங்கு."

ஒவ்வொரு வாஷராக எண்ணி வைத்தார்.

19 மார்ச்
காலையில் திம்மராயன் என்னை இரும்புப் பிசிறு தேய்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டார். விரலெல்லாம் கீறல். புலம்ப மாட்டேன், அழவும் மாட்டேன்.

மதியம் நஞ்சம்மாவின் கப்பல் டீசலோடு வந்தது. சும்மா கொடு என்று திம்மராயன் கை நீட்டவில்லை. என்ன விலை என்று கேட்டார்.