பதினொரு பேரும் ஓர் ஆட்டு லாரியும்

அன்புள்ள ஹேசலுக்கு,

இதனால் கடல் தாண்டியவர்களுக்கும் தாண்டாதவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் கோழி மேபல் தனது நீண்ட வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டு சென்ற வியாழக்கிழமை காலை ஒரு முட்டை இட்டது. தாயும் முட்டையும் நலம். அம்மாவும் நானும் அவ்விதமே. நியூசிலாந்தில் நீயும் அத்தானும் ஜோயலும் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் மணியடித்து வேண்டிக்கொள்கிறாள், மணியின் கதை பின்னால் வருகிறது. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கடிதம் அம்மாவுடையது, கை மட்டும் என்னுடையது. கோயில் முகப்பில் வௌவால் எச்சத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். சட்டப்படி வௌவாலைத் தொடக்கூடாது, ஆனால் வௌவால் நம்மைத் தொடலாம் போலிருக்கிறது. தொலைபேசியில் பேசேன் என்றால், “அவ குரலைக் கேட்டா நான் பேசவா போறேன், அழுதுட்டு வச்சிடுவேன். நீ எழுதுடா” என்கிறாள். அதனால் அம்மா சொல்ல, தம்பி ராபின் எழுதுகிறேன். உப்பும் காரமும் நான் போட்டவை.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஊர்க் கோயிலும் சேர்ந்த நம் சேகரத்துக்குக் குரு கிடைத்துவிட்டார், பிடித்துக் கொடுத்தவன் நான். பெல்லமி ஐயர் முழங்கால் வலியோடு ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து இந்த ஐந்து ஊருக்கும் ஆயர் இல்லை, ஆடு மட்டும் ஆயிரம். பெயர்தான் சேகரம், இருந்ததெல்லாம் சிதறல். திருச்சபைப் பத்திரிகையில் இரண்டு முறை விளம்பரம் போட்டும் ஓர் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து பழங்கோயில், ஐந்து ஒழுகும் கூரை, ஐந்து ஆலயக் குழுக்கள், அந்த ஐந்தும் ஒன்றோடொன்று பேசாது என்றால் இங்கிலாந்தில் இந்த லிங்கன்ஷயர் சேற்றுக்கு யார் வருவார்? ஆனால் அம்மா விடவில்லை. “ஊருக்குன்னு ஒரு குரு வரட்டும்மா, இரவல் குரு வேணாம், ஜோயலைத் தூக்கிட்டு வந்து நம்ம கோயில்லயே ஞானஸ்நானம் குடுத்துடலாம்” என்று நீ எழுதினாயே, அந்த வரியை அவள் பிடித்துக்கொண்டாள். நீயும் நானும் போட்டுக்கொண்ட அதே வெள்ளை அங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயில் காட்டுவாள், மடித்து வைப்பாள், மறுபடி எடுப்பாள். ஜோயலுக்குப் பல் முளைத்துவிட்டது என்று நீ படம் அனுப்பினாய் பார், சந்தோஷப்பட வேண்டியவள் அன்று சாயங்காலம் அங்கியின் தையலைப் பிரித்து உட்கார்ந்தாள். பக்கவாட்டில் கொஞ்சம் விட்டாள், அடுத்த படம் வந்ததும் இன்னும் கொஞ்சம் விட்டாள். இனி விடுவதற்குத் துணி இல்லை. குழந்தை வளர்கிறான், குருவைக் காணோம், அவ்வளவுதான் அவள் கவலை.

மூன்றாவது விளம்பரத்துக்கு ஒரே ஒருவர் விண்ணப்பித்தார். ஹிலரி டன் அம்மையார், லீட்ஸ் நகரத்தில் உதவிக் குரு. நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, பேட்டிக்கு முந்தைய நாள் வருகிறவரை எல்லாக் கோயிலுக்கும் வரவழைத்து, ஒவ்வொரு கோயிலிலும் தேநீரும் கேக்கும் கொடுத்து, வயிறு தாங்குகிறவர்தான் சேகரத்தையும் தாங்குவார் என்று பார்ப்பது. கேக் தயார். கூட்டத்துக்குத்தான் பஞ்சம். ஐந்து ஊரையும் கூட்டிக் கழித்தால் ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள் அம்மாவையும் சேர்த்துப் பதினொரு பேர், நான் அந்தக் கணக்கில் இல்லை. கோயிலுக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அந்த அம்மையார் கேக்கைத் தொடுவாரா, காரைத் தொடுவாரா? அப்போதுதான் என் மூளையும் மேபல் மாதிரி ஒன்று இட்டது. அவர் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வரட்டும், நம் ஆட்கள் ரான் டாஸ்கரின் ஆட்டு லாரியில் ஏறி வயல் வழியே குறுக்கே போய், தொப்பியையும் கோட்டையும் மாற்றிக்கொண்டு அடுத்த கோயிலில் உட்கார்ந்துவிடட்டும். ரான் தொடையைத் தட்டிச் சிரித்து, “என் லாரில இதுவரைக்கும் ஏறினதுலயே இதுங்கதான்டா மோசமான மந்தை” என்றார். அம்மா மட்டும், “கோயில்லயா நாடகம் போடுவீங்க?” என்று முகத்தைச் சுளித்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கி அவள் மடியில் இருந்தது. கைக்கட்டோடு லாரியில் குலுங்க முடியாது என்று, கடைசியாக வரும் நம் கோயிலிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள்.

முதல் இரண்டு கோயிலும் அமோகம். மூன்றாவதில் கெடுத்தது, லாரியில் கூட வந்த திருமதி பிண்டரின் நாய், பெயர் பிஸ்கட். முந்தைய கோயிலில் கேக் கொடுத்த கை என்று அம்மையார் காலடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. “இவன் போன ஊர்லயும் இருந்தானே?” என்றார். ரான் சற்றும் அசராமல், “அது இவன் அண்ணங்க” என்றார். “ஓ, அண்ணனுக்கும் வலது காது பாதிதானா?” என்று கேட்டுவிட்டு அவர் கேக்கைக் கடித்தார். நான்காவது கோயிலில் திருமதி பிண்டரிடம், “இந்தத் தொப்பிதாங்க உங்களுக்கு எடுப்பா இருக்கு, அந்தப் பச்சைய விட” என்றாராம். திருமதி பிண்டர் சிவந்தது இன்னும் வெளுக்கவில்லை. எப்படியாவது கடைசிக் கோயிலில் மானத்தைக் காப்பாற்றலாம் என்று, இன்னும் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது என நான் கை காட்ட, ரான் ஸ்டாலிட்ஜ் வீட்டு பீட்ரூட் வயலுக்குள் லாரியை இறக்கினார். அச்சு வரைக்கும் சேறு. ரான் உட்படத் தொப்பி போட்ட பத்துப் பேர் தள்ள, நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட, லாரி மட்டும் ஜெபம் செய்கிற மாதிரி முழங்காலிட்டுக்கொண்டது.

ஆக, நம் கோயிலில் அவர் வந்து இறங்கியபோது அம்மா மட்டும்தான். அங்கே நடந்ததை டன் அம்மையார் வாயால்தான் கேட்டேன், அம்மா சொல்லவில்லை. இவர் உள்ளே நுழையும்போது அம்மா இடது கையால் மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாளாம். யாரும் வராவிட்டாலும் தினம் அந்த நேரத்துக்கு அவள் மணியடித்து மாலை ஜெபம் வாசிக்கிறாள், அக்கா, பெல்லமி ஐயர் போன நாளிலிருந்து. எனக்கே தெரியாது, கோயிலைக் கூட்டிப் பெருக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் பின் பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாராம். அம்மா காலி பெஞ்சுகளைப் பார்த்து வாசித்துக்கொண்டே போய், தூரத்தில் இருப்பவர்களுக்காக என்று வந்த இடத்தில் உன் பேரையும் அத்தான் பேரையும் சொல்லி, ஜோயல் பேருக்கு வரும்போது நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, மறுபடி முதலிலிருந்து சொன்னாளாம். திரும்பிப் பார்த்ததும் பதறிப்போய், “எல்லாரும் சேத்துல மாட்டிக்கிட்டாங்கம்மா. பொய் வேணாம், இந்த அஞ்சு ஊருக்கும் சேத்து பதினொரு பேர்தான்” என்று கொட்டிவிட்டாள். அவர், “தெரியுங்க, நாய் சொல்லிடுச்சு. அது கெடக்கட்டும், ஜோயல் யாரு?” என்றாராம். அம்மா கைப்பையிலிருந்து அங்கியை எடுத்துக் காட்டினாள். ஞானஸ்நானத் தொட்டியின் மூடியைத் திறந்தும் காட்டினாள். உள்ளே ஒரு செத்த ஈ.

பிறகு இருவரும் வயலுக்கு வந்தார்கள். டன் அம்மையார் காரிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு பிண்டரம்மா பக்கத்தில் நின்று லாரியைத் தள்ளினார். லாரி கிளம்பியது, அவர் முகமெல்லாம் சேறு. மறுநாள் பேட்டியில், எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று குழு கேட்டதற்கு, “ஒண்ணே ஒண்ணு. வாரம் ஒரு கோயில்னு வச்சுக்குவோம், அந்தப் பதினொரு பேரையும் அதே லாரியில ஏத்திட்டு வருவீங்களா, இந்தத் தடவ தொப்பி மாத்தாம?” என்றாராம். ரான், லாரியைக் கழுவித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பனி முடிந்ததும் டன் அம்மையார் பொறுப்பேற்கிறார். முதல் ஞானஸ்நானம் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு என்று அவரே தன் டைரியில் குறித்துக்கொண்டார்.

அம்மா இதையெல்லாம் எழுதச் சொல்லவில்லை. அவள் சொன்னவை இவை. குளிர்ந்த காற்றில் குழந்தையைக் காதை மூடாமல் வெளியே எடுக்காதே. அத்தானை இரவில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்ட விடாதே. அப்பா கல்லறையில் புல் வெட்டியாயிற்று, நீ கேட்ட செடியை வைத்தாயிற்று. ஜோயலின் மார்பளவை மறக்காமல் எழுது. அங்கி போதாவிட்டாலும் பரவாயில்லை, மேலே போர்த்திக்கொள்ளலாம், ஆண்டவர் அளவு பார்க்கமாட்டார். “வசதிப்பட்டா வரட்டும், தொந்தரவு பண்ணாதேன்னு எழுது” என்றாள். மூன்று பேரையும் ஆண்டவர் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்வாராக என்று சொல்லி முடித்து, இப்போது அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

வசதிப்பட்டால் என்பது அம்மாவின் சொல், என்னுடையது இல்லை. வந்துவிடு. குருவைப் பிடித்தது நானில்லை, நீயே கண்டுபிடித்திருப்பாய். என் போன கடிதத்தில் உன் அறையில் என் டிரம்ஸை வைத்துவிட்டேன், நீ போனது நல்லதாயிற்று என்று பீற்றிக்கொண்டேனே, அதுவும் புளுகு. டிரம்ஸ் கொட்டகையில்தான் கிடக்கிறது. உன் அறையில் ஒரு பொருளையும் நான் நகர்த்தவில்லை, அம்மாவையும் நகர்த்த விட்டதில்லை. சில சமயம் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இதை அத்தானிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன் அம்மா (இடது கையால் ஒரு கோணல் சிலுவை),
அவள் வலது கை ராபின்