மொத்த வாக்கும் வில்லாவுட் வாக்கும்

அண்ணே,

இன்று காலை கெல்லிவில்லிலிருந்து வேலைக்குப் போகையில் கார் வானொலியில் இருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க அதிபரை மாநிலவாரியாகத் தேர்ந்தெடுப்பதா, நாட்டின் மொத்த வாக்கையும் எண்ணித் தேர்ந்தெடுப்பதா என்று. நம் சண்டைதான். உங்கள் ஞாபகத்தில் திரும்ப வேண்டிய சாலையைத் தவறவிட்டேன்.

நம் தமிழ்ச் சங்கத்தின் பழைய விதி, நகரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாக்கு. கெல்லிவில்லில் எத்தனை பேர் இருந்தாலும் ஒன்று. வில்லாவுட்டில் நீங்கள் ஒரு கைப்பிடிப் பேர் என்றாலும் ஒன்று. தலைவர் பதவிக்கு நின்றேன். தலைகளை எண்ணினால் எனக்குத்தான் அதிகம். பகுதிகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. வில்லாவுட்.

"அண்ணே, நீங்களே எனக்குப் போடலையா?"

"ஓம், போடேல்லை," என்றீர்கள், தேநீரை ஆற்றியபடி. "மற்ற ஆள் வீடு வீடா வந்தவர். நீர் வந்தனீரோ, ஐசே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த பொதுக்குழுவிலேயே, ஆளுக்கொரு வாக்கு, எல்லாவற்றையும் மொத்தமாக எண்ண வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். நீங்கள் எழுந்தீர்கள்.

"எங்கட நாட்டிலயும் சனாதிபதிக்கு மொத்தமாத்தான் எண்ணுறவை. அதில தமிழர் நாங்கள் எந்த மூலைக்கு? இஞ்ச எனக்கு விசாவே இழுபடுது, அரசாங்க எலெக்ஷன்ல வாக்கு இல்லை. எனக்கெண்டு இருக்கிறது இந்த ஒண்டுதான். அதையும் கரைச்சுப் போடாதேங்கோ."

"கரைக்கலண்ணே, எல்லாருக்கும் சமமாக்குறேன்," என்றேன். கைதட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. நீங்கள் முகம் கோணாமல் "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினீர்கள். விசா முடிவு வருவதற்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் இரண்டு முறை நின்றேன், இரண்டு முறையும் ஜெயித்தேன். வில்லாவுட் பக்கம் போகவில்லை. போகத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் ஆளுக்கொரு வாக்கு என்பதுதான் நியாயம். இதில் உங்களுக்கு இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேலை முடிந்து இன்று நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ தம்பி. என்ன, திரும்ப எலெக்ஷனோ?"

"இல்ல அண்ணி, சும்மாதான் வந்தேன்."

"ஓம், எங்கட வாக்கு இல்லாமலே வெல்லுவீங்கள்தானே," என்றார். குத்திக்காட்டவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல். சொல்லிவிட்டுக் குசினிக்குத் தேநீர் போடப் போனார்.

நியாயம் என் பக்கம்தான், அண்ணே. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.