கயிறு பிடித்தவன்

செயின்ட் பால், மின்னசோட்டா
பிப்ரவரி 1973, ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பி லோவெலுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதுவது. வின்னிபெக் குளிரில் நீ கம்பளி உள்சட்டை போடாமல் திரிவாய் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். முதலில் போய் அதைப் போட்டுக்கொண்டு வா, பிறகு படி. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் நேற்றிலிருந்து ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் தேவாலயத்தில் போதகர் என்ன பேசினார் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு அடிப்பிடித்துவிட்டது. அப்பா அதையும் தின்றுவிட்டுப் போனார்.

வானொலியில் நீயும் கேட்டிருப்பாய். வியட்நாம் சண்டை முடிந்துவிட்டதாம். இனிமேல் பையன்களைக் கட்டாயப்படுத்திப் படைக்கு இழுக்க மாட்டார்களாம். கேட்டதும் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன், இனி நீ வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று. அடுத்த மூச்சிலேயே, படைக்குப் போகாமல் எல்லை தாண்டிப் போனவர்களுக்கு மன்னிப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஆசைப்பட்டுப் பஸ் ஏறிவிடாதே. இந்தப் பக்கம் கால் வைத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். கோட்டுப் போட்ட அந்த அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் போன மாதம்கூட உன்னைத் தேடி வந்தார்கள். அப்பா வாசலிலேயே நிறுத்தி, "எனக்கு மகன் கிடையாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அது அவர்களை விரட்டச் சொன்னதா, மனதில் இருந்ததைச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நீ போன நாளிலிருந்து அவர் வாயில் உன் பெயர் வரவில்லை. எனக்கு அதுதான் தீராத கவலை, உனக்கும் அதுதான் என்று தெரியும்.

உன் கூட்டாளிகள் இன்னும் சனிக்கிழமை தவறாமல் நம் வீட்டு நிலவறையில்தான் கூடுகிறார்கள். நீ இல்லாத வீட்டுக்கு எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால், பெரிய மேஜை இங்கேதான் இருக்கிறது என்கிறான் ஆரின். சிகரெட் புகையும் காலி சோடா பாட்டிலும் என் தலையில். ஆனால் நீ விட்டுப்போன ஆட்டம் இப்போது அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன், தப்பு இருந்தால் சிரிக்காதே.

அது எங்கே தொடங்கியது என்பது உனக்கே நினைவிருக்கும். பிங்பாங் மேஜையில் மணலைக் கொட்டி, ஈய பொம்மைப் படைகளை நிறுத்தி, பழைய ஐரோப்பியச் சண்டைகளை ஆடிக்கொண்டிருந்தீர்கள். மெர்ல் வியட்நாமிலிருந்து திரும்பிய கோடைக்காலம் அது. நான் காபி கொண்டுவந்தேன். யாரோ பகடை போட்டு, ஒரு வரிசைப் பொம்மைகளை அப்படியே கையால் வழித்து டப்பாவில் போட்டார்கள். மெர்ல் ஒரு பொம்மையை மட்டும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, "இவன் பேரு என்ன?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தீர்கள். அவன் சிரிக்கவில்லை. "சும்மா ஒரு பேரு சொல்லுங்கடா. இவனுக்கு ஊர் எது? இவன் இப்ப என்ன நினைக்கிறான்?" என்றான். நடுவராக இருந்த ஆரின் அதற்குப் பதில் சொல்ல முயன்றதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு படை என்பது போய், ஆளுக்கு ஒரே ஆள் என்று வந்தது. நீயும் ஒரு கோடாலிக்காரனை எடுத்து ஸ்டைனார் என்று பெயர் வைத்து, அவன் காலணிக்கு என் நகப்பூச்சைத் திருடிச் சிவப்பு அடித்தாய். அந்தப் பாட்டிலுக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போது மணலும் இல்லை, படைகளும் இல்லை. இடிந்த கோட்டைக்கு அடியில் சுரங்கங்கள். ஆரின் அதைச் சொல்லிக்கொண்டே போகிறான், மற்றவர்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை, ஆட்டம் முடிவதும் இல்லை. பள்ளிக்கூடச் சாமான் விற்கிற கடையிலிருந்து இருபது முகம் உள்ள பகடை ஒன்றை வரவழைத்திருக்கிறான், அதை எல்லோரும் தங்கக்கட்டி மாதிரி தொடுகிறார்கள். ஊரின் மறுகோடியிலும் ஒரு கூட்டம் இதே பைத்தியத்தில் இருக்கிறதாம். வளர்ந்த ஆம்பிளைகளுக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் மெர்லையே கேட்டுவிட்டேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். அப்புறம் சொன்னான்: "அங்க எவனும் என்னைப் பாத்து, நீ என்ன பண்ணப்போறன்னு கேக்கல அக்கா. போன்னான், போனேன். சுடுன்னான், சுட்டேன். இங்க ஆரின் ஒவ்வொரு வாரமும் என் மூஞ்சியப் பாத்துக் கேக்குறான்." நான் அதற்குமேல் கேலி பேசவில்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆட்டத்துக்கு வராதவனுடைய ஆளைக் கொல்லக்கூடாது, சண்டைக்கும் இழுக்கக்கூடாது. குழியின் வாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிட வேண்டும், மற்றவர்கள் அந்தக் கயிற்றில் இறங்கி ஏறுவார்கள். காய்ச்சல், பரீட்சை, மாமியார் வீடு என்று வராதவர்களுக்காக வைத்த வழக்கம் இது. உன் ஸ்டைனார் நீ போனதிலிருந்து அங்கேதான் நிற்கிறான்.

நேற்று மத்தியானம் வீட்டைச் சூடாக்கும் கணப்பு நின்றுபோனது. வெளியே எச்சில் துப்பினால் உறைந்துவிடும் குளிர். அப்பா முணுமுணுத்துக்கொண்டே திருகுச் சாவியோடு நிலவறைக்கு இறங்கினார். நீ போனபின் அவர் அங்கே கால் வைத்ததே இல்லை. மேஜைப் பக்கம் திரும்பாமல் மூலையில் மண்டியிட்டுக் கணப்பைப் பிரித்துப் போட்டார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

மெர்லுடைய ஆள் அப்போது கயிற்றில் பாதி ஏறித் தொங்கிக்கொண்டிருந்தான், கீழே ஏதோ அவனைத் துரத்துகிறது. மெர்லுக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. "வாரா வாரம் நாங்க கீழ போய் அடிபடுறோம். லோவெல் மட்டும் மேல பத்திரமா நிக்கிறான். எத்தனை நாளைக்குடா அவனைப் பொத்திப் பொத்தி வைப்ப? மேலயும் ஏதாச்சும் வரட்டும்" என்றான். அவன் ஸ்டைனாரைச் சொல்லவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நீ அவனிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாய், அந்த வலி அது. ஆரின் இளகிய மனசுக்காரன், மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. பகடையை உருட்டிப் பார்த்து, குழியின் வாய்க்கு ஓநாய்க் கூட்டம் வருகிறது என்றான். "ஸ்டைனார் நிக்கிறானா, ஓடுறானா? லோவெல நல்லாத் தெரிஞ்சவங்கதான் சொல்லணும்" என்றான்.

"ஓடிருவான். எழுதிக்கோ" என்றான் மெர்ல். கயிற்றை விட்டால் விழுந்து சாகப்போவது அவனுடைய ஆள்தான், அது தெரிந்தும் சொன்னான்.

"ஓடமாட்டான்."

அப்பாதான். கணப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

மெர்ல் எழுந்து நின்றான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆனா அவன் ஓடிட்டான்" என்றான்.

அப்பா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். "அது வேற. இங்க கீழ ஒருத்தன் தொங்குறான். அப்படி இருந்தா அவன் நகரமாட்டான்" என்றார். நீ வழக்கமாக உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தக் கட்டைய எப்படிப் போடணும்?" என்று கேட்டார்.

ஆரின் பகடையை அவர் பக்கம் நகர்த்தினான். "அதுக்கு முன்னாடி... நீங்க என்ன செய்யறீங்கன்னு சொல்லணும் சார்."

"நிக்கிறேன்" என்றார் அப்பா.

அவன் நிற்கிறான் என்று சொல்லவில்லை லோவெல். நிற்கிறேன் என்றார்.

அப்புறம் நடந்ததைப் பார்த்திருந்தால் நீ அழுதுகொண்டே சிரித்திருப்பாய். கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டலாமா என்று கேட்டார். "அதுக்கு நான் விதி எழுதலையே சார்" என்றான் ஆரின். "இப்ப எழுது" என்றார் அப்பா. பனியில் குதிகாலை ஊன்றிச் சாய்ந்துகொண்டால் பிடி நிற்குமா, ஒரு கையால் கோடாலியை வீசலாமா, ஓநாய் முன்னால் வருமா பின்னால் வருமா, ஒன்றுவிடாமல் கேட்டார். ரயில் பட்டறையில் இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷனாயிற்றே, பாரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஆரினுக்கே பாடம் எடுத்தார். பகடை மட்டும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. விழுந்ததெல்லாம் மோசம். ஒரு ஓநாய் ஸ்டைனாரின் காலைக் கவ்வி ஒடித்தது. கயிற்றை விட்டால் தப்பிக்கலாம் என்று ஆரின் கெஞ்சாத குறையாகச் சொன்னான். "அந்தப் பையன் மேல வந்துட்டானா?" என்றுதான் அப்பா திருப்பித் திருப்பிக் கேட்டார். அவர் நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில்.

மெர்லுடைய ஆள் மேலே வந்து சேர்ந்தான். இப்போது நீ என்ன செய்கிறாய் என்று ஆரின் கேட்டதும், மெர்ல், "ஓநாய்க்கும் அவனுக்கும் நடுவுல போய் நிக்கிறேன்" என்றான். சொல்லிவிட்டு மேல்கோட்டைக்கூட எடுக்காமல் படியேறி வெளியே போய்விட்டான். அப்பா அவன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இரண்டு பேரும் காருக்குள் போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டு மூடிக்கொண்டது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன்.

மெர்ல் கிளம்பும்போது, "லோவெலுக்கு எழுதினா, கயிறு நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்றான். அவன் பிடிவாதத்துக்கு அதுவே பெரிய விஷயம். அவனுக்கும் ஒரு வரி எழுது.

செவ்வாய்

நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். போடாததும் நல்லதுக்குத்தான், இப்போது எழுதப்போவதுதான் முக்கியம்.

இரண்டு நாளாக அப்பா உட்கார்ந்தால் எழுந்திருக்கிறார், எழுந்தால் உட்கார்கிறார். திங்கட்கிழமை பட்டறையிலிருந்து ஆரினின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்டைனாருக்குக் கால் ஆறிவிடுமா என்று கேட்டிருக்கிறார். மேலதிகாரி பக்கத்தில் நின்றதால் ஆரின் கணக்கு விஷயம் மாதிரி பதில் சொன்னானாம். நேற்று சாயங்காலம் கார்ச் சக்கரத்துக்குப் பனிச்சங்கிலி மாட்டினார். எங்கே போகிறீர்கள் என்றால், எங்கேயும் இல்லை என்றார். பெட்ரோல் போடும் இடத்திலிருந்து வடக்குச் சாலை வரைபடம் வாங்கி வந்து, செய்தித்தாளுக்கு அடியில் வைத்துப் படித்தார். சாப்பிடும்போது, "அந்த ஊர்ல இப்ப எவ்வளவு குளிராம்?" என்று கேட்டார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை காபியை வைத்துக்கொண்டு, "நான் செஞ்சது சரியான்னு தெரியல. அவன் ஆளாச்சே. கேக்காம காலை ஒடிச்சிட்டேன்" என்றார். வேண்டுமானால் நான் எழுதிக் கேட்கிறேன் என்றேன். "இதெல்லாம் கடிதாசில கேக்கற விஷயமா?" என்று கோபித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா காரியத்துக்கு அப்புறம் அவர் விடுப்பு எடுத்ததே இல்லை.

உன் வீட்டில் தொலைபேசி இல்லை. இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் உன் கையில் கிடைத்தாக வேண்டும். இதோ மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, அவசரத் தபாலில் போடப் பெரிய தபால் நிலையத்துக்கே போகிறேன்.

லோவெல், அவர் மன்னிப்புக் கேட்க வரவில்லை, உன்னை மன்னிக்கவும் வரவில்லை. யுத்தத்தைப் பற்றிப் பேசமாட்டார். நீயும் பேசாதே. வாசலில் நின்றுகொண்டு சாலை மோசம், காரில் ஏதோ சத்தம் என்பார். பிறகு அந்தப் பொம்மையின் காலைப் பற்றி ஆரம்பிப்பார். எரிச்சல்படாதே, பொறுமையாகப் பதில் சொல். எனக்கு மகன் கிடையாது என்று சொன்னீர்களே என்று கேட்க உனக்கு வாய் துடிக்கும். கேட்க உனக்கு உரிமை உண்டு. ஆனாலும் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த முதல் நிமிஷத்தில் மட்டும் வேண்டாம். நீ கதவைத் திறப்பாயா மாட்டாயா என்று தெரியாமல்தான் அவர் அவ்வளவு தூரம் வருகிறார். அந்தப் பயத்தை அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இரு. கார்ச் சத்தம் கேட்டால் அவர் கதவைத் தட்டும்வரை காத்திருக்காதே. நீயே வெளியே வந்து, "வாங்கப்பா" என்று சொல்.

ஆண்டவர் உங்கள் இரண்டு பேருக்கும் துணையாக இருக்கட்டும்.

உன் அன்பு அக்கா,
ஆர்டிஸ்