சாமி எதையும் சூடாகக் கேட்டதில்லை

மயிலாப்பூர்,
புரட்டாசி 9

அன்புள்ள வடிவு,

நீயும் தீபிகாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், வலது தொடையில் ஓர் இடம் நீங்கலாக.

மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு சாயங்காலம், எதிர்வீட்டு அஃப்சருன்னிசா அம்மா முன்னால் வேட்டியை உதறிப் போட்டுவிட்டுப் பட்டாபட்டி டிராயரோடு குழாயடிக்கு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில். வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் என் வாயாலேயே தெரியட்டும்.

இதைப் போனில் சொல்ல முடியாது. நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் பேசுவதை மாப்பிள்ளை கேட்கிறார், பேத்தி கேட்கிறாள், உங்கள் மிக்சியும் கேட்கிறது. அதனால்தான் கடிதம். மாடிவீட்டு அஸ்வத் உங்கள் பெர்த் ஊருக்குத்தான் படிக்க வருகிறான். அவன் பனியன்களுக்கு நடுவே இது வந்து சேரும்.

எல்லாம் அந்த டீ செட்டால் வந்தது. தி.நகர்க் கடை ஜவஹர் மூலம் அடையாறு அம்மாள் ஒருத்தர் ஆர்டர் கொடுத்தாரே, அதுதான். டீ ஊற்றும் குடுவை, பால் குடுவை, சர்க்கரைக் கிண்ணம், தட்டு. எல்லாம் கையால், எல்லாம் ஸ்டெர்லிங் வெள்ளி. சுத்த வெள்ளி சொன்னபடியெல்லாம் வளையும். நூற்றுக்கு ஏழரைப் பங்கு செம்பு சேர்த்தால்தான் முதுகு நிமிரும். ஏழரை என்றதும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே, நீ என்னை அப்படிக் கூப்பிட்டது எத்தனை தடவை!

குடுவையின் வயிறு ஒரே தகடு. தட்டுவேன், பழுக்கக் காய்ச்சுவேன், மறுபடி தட்டுவேன். அதற்கே மூன்று வாரம். சத்தம் தாங்கவில்லை என்று அஃப்சருன்னிசா அம்மா தினம் வந்து திட்டுவார். அவர் திட்ட வராத நாளில் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

செய்தாயிற்று. ஊற்றிப் பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை டீக்கு நாலு பேரைக் கூப்பிட்டேன். ஜவஹருக்கு வடபழனியில் கல்யாணம். ஆட்டோ ஆரோக்கியராஜுக்குக் கொட்டிவாக்கம் சவாரி. அஸ்வத் பெட்டி கட்டுகிறானாம். வந்தவர் எதிர்வீட்டு அம்மா ஒருத்தர்தான்.

தோரணையாகக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். பாதி தூரம்தான். விட்டேன் மடியிலேயே.

குழாயடியிலிருந்து துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பினால் அவர் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னா பத்தரே, கைப்புடிய ஒரே வெள்ளியா பண்ணி வெச்சுகீறீங்க? சூடு நேரா ஏறாதா? நடுவுல ரெண்டு கட்டைத் துண்டு வெக்கணும். இதுகூட தெர்ல, நாப்பது வருசமா இன்னாத்த தட்டிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார்.

அபிஷேகக் குடம், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, இவைதானே என் தொழில். நான் செய்த பாத்திரத்தில் சாமி எதையும் சூடாகக் கேட்டதில்லை.

மிச்சமிருந்த டீயை எவர்சில்வர் டம்ளரில் குடித்துவிட்டு, போகும்போது, "தங்கச்சி எப்ப வருது?" என்று உன்னைப் பற்றிக் கேட்டார். அடுத்த மாசம் என்றேன். "பக்ரீத்துக்கும் அதத்தான சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன், துண்டோடு.

மறுநாள் கைப்பிடியை இரண்டு இடத்தில் அறுத்து, ஈட்டிமரத் துண்டு வைத்து ஆணி இறக்கினேன். இப்போது கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம். நானே தினம் நாலு மணிக்கு ஊற்றிப் பார்க்கிறேன். அளவு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சோறும் அப்படித்தான், எட்டு மாதமாக இரண்டு பேருக்கே வடிகிறது.

இந்த மாதக் கடைசியில் உன் விசாவை மூன்றாம் தடவை நீட்டிக்க மனுப் போடப்போவதாகத் தீபிகா சொன்னாள். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாள், அம்மா இல்லாமல் முடியாது என்கிறாள். நியாயம்தான். நீங்களும் இங்கே வந்துவிடுங்கள் என்று நீ ஒவ்வொரு போனிலும் கூப்பிடுகிறாய். ஆர்டரைப் பாதியில் விட்டு எப்படி வருவேன் என்று நானும் ஒவ்வொரு போனிலும் சொல்கிறேன். அதுவும் நியாயம்தான்.

ஆனாலும் வடிவு, மனுவில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் பொறு. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என்னோடு பேசு. நான் வேறொன்றும் கேட்கவில்லை.

பேத்திக்கு என் ஆசீர்வாதம். விழாமல் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஏகாம்பரம்

பி.கு.: அடையாறு அம்மாள் அந்த டீ செட் வேண்டாம் என்று ஆடி மாதமே சொல்லிவிட்டார்.