தண்ணீரைத் தொடாத பாலம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. என் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. இரத்த அழுத்தம் ஒரு நாள் இறங்கினால் மறுநாள் ஏறுகிறது. முதல் பிரசவத்தில் அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும். வலி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், தலைவலி என்றாலே கொண்டுவந்துவிடுங்கள் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி அக்கரையில். ஓடம் இருக்கும்வரை கால் மணி நேர வழி. ஓடம் இந்த மாதத்தோடு நிற்கப்போகிறது.

அவளை முன்கூட்டியே அக்கரையில் தங்கவைக்கலாமே என்பாய். ஒருத்தியைத் தங்கவைத்துவிடுவேன். கவுன்சிலுக்கு என்னை நம்பி ஓட்டுப் போட்ட மற்ற வீடுகளை எங்கே தங்கவைப்பது? பள்ளிக்கூடம், சந்தை, ரேஷன் கடை, காவல் நிலையம் எல்லாம் அக்கரையில்தான். ஓடம் இல்லையென்றால் அணைக்கட்டைச் சுற்றி மலைப்பாதையில் போக வேண்டும். அதற்கு அரை நாள் பிடிக்கும், மழை பெய்தால் அதுவும் கிடையாது.

ஓடத்தை ஏன் நிறுத்துகிறார்கள்? பாலம் வந்துவிட்டதாம்.

பாலம் வந்தது உண்மைதான். அகலமான, அழகான பாலம். இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது நிற்பது பழைய ஆற்றின் மேல். பெருவெள்ளத்தில் ஆறு திசை மாறி நம் குடியிருப்புப் பக்கமாக வெட்டிக்கொண்டு வந்ததையும், பழைய படுகை வெறும் மணலாகிப் போனதையும் உனக்கு அப்போதே எழுதியிருந்தேன். டவுனிலிருந்து வருகிறவன் பாலத்தின் மேல் ஜம்மென்று மணலைக் கடக்கலாம். மறுமுனையில் இறங்கினால் கோரைப்புல். புல்லைத் தாண்டினால் ஆறு, முழு ஆறு. அதற்கு இந்தப் பக்கம் நாங்கள். ஆடு மேய்க்கிறவர்கள் பாலத்துக்கு அடியில் நிழலுக்குப் படுக்கிறார்கள். இதுவரை அதனால் பயன் கண்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அளக்க வந்தவர்கள் கோடையில் வந்தார்கள். இரண்டு படுகையிலும் மணல்தான் கிடந்தது. அவர்கள் கையிலிருந்த வரைபடம் வெள்ளத்துக்கு முந்தியது. ஜீப் பழைய கரையோடு நின்றுவிட்டது, வெயிலில் இறங்கி நடக்க ஒருவருக்கும் மனமில்லை. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கவுன்சில் தலைவர் என்னைத் தனியாக அழைத்து, "சும்மா இரும்மா. இடத்தை மாத்தணும்னா ஃபைல் திரும்ப முதல்ல இருந்து போகும். இந்த ஆயுசுல பாலம் வராது" என்றார். ஊரில் அவருக்கு 'மைக்' என்று பெயர். அது கிடைத்தால் கையை விட்டு விடமாட்டார். அன்றைக்கு மட்டும் காதோடு பேசினார். ஆற்றில் இல்லாத பாலம் எதற்கு என்று கேட்டேன். "ஆறு ஒருதரம் மாறலியா? இன்னொரு தரம் மாறாதா?" என்றார். அவர் சிரிக்கவில்லை, தம்பி. நிஜமாகவே சொன்னார்.

இப்போது ஓடத்துக்கு வருகிறேன். ஓடம் கவுன்சிலுடையது, ஓடக்காரருக்குச் சம்பளமும் கவுன்சில்தான் தருகிறது. தனியாக யாராவது ஓட்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் கவுன்சிலில் ஒரு பழக்கம் உண்டு. எழுத்தர் தீர்மானத்தை வாசிப்பார். அது எந்த வார்டைப் பற்றியதோ அந்த உறுப்பினர் எழுந்து நிற்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு. அடுத்தவர் வார்டு விஷயத்தில் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. அதை மரியாதை என்கிறார்கள்.

கூட்டம் நடந்த அன்றைக்கு மலையில் மழை, ஆறு நிறைந்து போனது. ஓடக்காரர் ஓடத்தைக் கரையோரமாக எதிர்நீரில் வெகுதூரம் இழுத்துப் போய்த்தான் குறுக்கே விட முடிந்தது. ஓடத்தை நிறுத்தும் தீர்மானத்தை அவர்கள் வாசித்தபோது நான் அந்த ஓடத்தில் நடு ஆற்றில் உட்கார்ந்திருந்தேன். சேலை நுனியைப் பிழிந்துகொண்டு உள்ளே போனால் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரம்மா காத்திருக்கிறது? பாலம் வழியா வந்திருக்கலாமே" என்றார். "பாலம் வழியா வந்திருந்தா இந்நேரம் நீந்திக்கிட்டு இருப்பேன்யா" என்றேன். அறையே சிரித்தது. என் கோபத்தை அவர்கள் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டார்கள்.

நான் உட்காரவில்லை. தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று நின்றேன். அப்போதுதான் தலைவர் சொன்னார்: "நாங்க என்னம்மா பண்றது? இரு கரையும் இணைஞ்சாச்சு, ஓடம் தேவையில்லைன்னு மேல இருந்து எஞ்சினியரே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கார். உங்க தம்பிதானே? வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கக் கூடாதா?"

தம்பி, அதைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உன் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். மாவட்டம் பூராவும் உன் மேசைக்கு வருகிறது. கீழே இருக்கிறவன் எழுதி அனுப்பியதை நம்பித்தான் போட்டிருப்பாய். வேறு யாராவது போட்டிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்து ஆறியிருப்பேன். அப்பா இறந்தபோது நீ எதில் வந்தாய்? வெள்ளத்துக்குப் பிறகுதானே அது? இந்த ஓடத்தில், இந்த ஆற்றில்தான் வந்தாய். வழுக்கி விழப் போன உன்னை ஓடக்காரர் தோளைப் பிடித்து நிறுத்தினார். ஆறு எங்கே ஓடுகிறது என்று உனக்கு வரைபடம் காட்டியா சொல்ல வேண்டும்? ஊர்ப் பெயரைப் பார்த்தாயா, பார்க்காமலே போட்டாயா? எது பதிலாக இருந்தாலும் என்னால் ஆற முடியவில்லை.

விசாரித்துவிட்டேன். பாலம் ஆற்றின் மேல் இல்லை, ஓடம் தொடர வேண்டும் என்று உன் அலுவலகம் எழுதினால் அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடி எடுத்தே ஆக வேண்டும். கூட்டம் மாதக் கடைசிக்கு முன்னால் வருகிறது. அதை நீ ஒருத்தன்தான் எழுத முடியும். எழுதினால் கட்டிய பாலத்துக்கு யார் பொறுப்பு என்று விசாரணை வரும், உன் பதவி உயர்வு நிற்கும், இன்னும் மோசமாகக்கூடப் போகலாம் என்கிறார்கள். தெரிந்துதான் கேட்கிறேன். உன் படிப்புக்கு நாங்கள் என்ன செய்தோம் என்றெல்லாம் இங்கே எழுதமாட்டேன். அதற்காகக் கேட்கவில்லை.

எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை வா. பாலத்தின் கடைசிவரை காரிலேயே வரலாம், சாலை நன்றாக இருக்கிறது. அங்கே இறங்கி நின்று கூப்பிடு. நான் இந்தக் கரையில் நிற்பேன். நான் பேசுவது உனக்குக் கேட்கிறதா என்று பார்.

என் மகளுக்கு ஒன்றும் தெரியாது. வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, என்னைத் தேற்றுகிறாள். "ஏம்மா இப்படி அலையுற? மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. ஒரே நாள்ல முடிச்சிடுவார்" என்கிறாள். போகிறவர் வருகிறவரிடமும் அதையே சொல்கிறாள். யார் கையெழுத்து என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லும்படி என்னை வைத்துவிடாதே.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

உன் பதிலுக்குக் கரையில் நிற்கும்,
அக்கா