அமிர்தம் ஓட்டிய நான்கு நிமிடம்

லாஸ்பேட்டை
14.3.2007

நண்பா,

உன் பைலட் லைசென்ஸைப் பறித்த பெயரில்லாத புகாரை எழுதியவன் நான்தான். இரண்டு முறை எழுதிப் பார்த்து, பிழை திருத்தி அனுப்பினேன்.

பயணிகளை விமானம் ஓட்டவிடுவது விதிமீறல் என்று எழுதியிருந்தேன். அது உண்மை. ஆனால் உன் சொந்தச் சின்ன விமானத்தில் முதலில் எனக்குத்தானே ஸ்டியரிங்கைக் கொடுத்தாய்? "சும்மா புடி வாத்தியாரே, ஒண்ணும் ஆவாது" என்றாய். நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அன்று எந்த விதியும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுவாரம் என் மனைவியை முன்னால் உட்காரவைத்தாய். நான் பின்னிருக்கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். அமிர்தம் நான்கு நிமிடம் ஓட்டினாள். கடலுக்கு மேல் திருப்பும்போது, "ஏங்க, பாருங்க, நான்தான் ஓட்டுறேன்!" என்று கத்திச் சிரித்தாள். "தங்கச்சி உன்ன மாதிரி இல்லடா!" என்று நீயும் சிரித்தாய்.

உங்கள் இருவர்மேலும் எனக்குத் தவறான எண்ணம் எதுவும் கிடையாது. நாற்பது வருடத்தில் என்னோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை, அவ்வளவுதான்.

நீ விமானத்தை விற்றுவிட்டது அவளுக்குத் தெரியாது. வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் மாடிக்கு ஓடுகிறாள். "அண்ணன் மறுபடி எப்பங்க கூப்புடுவாரு?" என்கிறாள். "அவனுக்கு வேலை அதிகம்" என்கிறேன்.

நான் செய்ததை அவளிடம் சொல்ல நான்கு நாளாக முயன்றேன். முடியவில்லை. நீயே ஒருமுறை வந்து சொல்லிவிடு.

இப்போதும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருக்கும்,
உன் வாத்தியார்